ஆழமான பாதி

தொட்டிக்குப் படி மேற்குப் பக்கம் வேண்டாம், வடக்குப் பக்கம்தான் சரி என்று வஞ்சியம்மாளுக்குப் பளிச்சென்று பட்டது. பட்டதும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மேற்கே படி வைத்தால் இறங்கும்போது காலை வெயில் நேரே கண்ணில் குத்தும். கண் கூசினால் கால் தடுமாறும். கால் தடுமாறினால், வேண்டாம், அந்த நினைப்பு இப்போது வேண்டாம். வடக்கே என்றால் வீட்டின் பின்சுவர் மறைவு இருக்கிறது. வண்டிப்பாதையில் போகிறவர்களுக்கு இறங்குகிறவளின் தலைகூடத் தெரியாது. இறங்குகிறவள் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. யாரோ கேட்டுவிட்ட மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை. சாப்பிட்டுவிட்டு மோட்டார் ரூம் கட்டிலில் சாய்ந்த வீட்டுக்காரர் திருமூர்த்தி இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மழை விட்டு இரண்டு நாளாகியும் தோப்பில் ஈரம் காயவில்லை. கார்த்திகை வெயில் தென்னங்கீற்றுகளுக்கு நடுவே துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். தொட்டி காலி. உள்ளே அவள் நின்றால் தலைக்கு மேல் ஒரு முழம் சுவர் இருக்கும். முன்பெல்லாம் போர்வெல் தண்ணீரை இதில் ஏற்றி நிறுத்தித்தான் வாய்க்காலில் தென்னைக்கு விடுவார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டதிலிருந்து தொட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாசியும் தவளையும் தென்னம்பாளையுமாகச் சும்மா கிடந்ததை, வருகிற சித்திரைக்குள் குளிக்கிற தொட்டியாக்கிவிடலாம் என்று போன மாதம் வீட்டில் முடிவானது. முடிவானதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முடிவாக வைத்தவள் அவள்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

டைல்ஸ் நீலமா பச்சையா என்பதுதான் ஒரு வாரமாகப் பிடிபடவில்லை. உடுமலைக் கடையில் பார்த்த நீலம் நல்ல நீலம்தான், ஆனால் ஆஸ்பத்திரி பாத்ரூம் ஞாபகம் வருகிறது. பச்சை போட்டால் பாசி பிடித்தாலும் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா? தெரியாத பாசியில்தானே வழுக்கும்? வெள்ளை போட்டால் ஒரு இலை விழுந்தாலும் தெரியும், அப்புறம் நாளெல்லாம் அதைப் பொறுக்குவதே பிழைப்பாகிவிடும். அடியில் மட்டும் சொரசொரப்பாக, சுவருக்கு வழவழப்பாக. ஆமாம், அதுதான். அடிக்கு மெருகு போடாத கடப்பாக்கல்லே போதும், சுவருக்கு நீலம். அந்த ஆஸ்பத்திரி நீலம் இல்லை, அதைவிட ஒரு பிடி கறுத்த நீலம், மயில் கழுத்தில் வெயில் படாத இடத்தில் இருக்குமே அது. கடைக்காரனிடம் எப்படிச் சொல்வது? மயிலையா கூட்டிக்கொண்டு போவது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு ஈர்க்கை உருவி முறத்தில் போட்டாள். ஓரத்து இரண்டு தென்னையிலும் குலையை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும், தேங்காய்க்குக் கண் உண்டு என்பார்கள், அதை நம்பிக் குளிக்க முடியுமா. மேலே நாற்றுப்பண்ணையில் கட்டுகிற பச்சை வலை. வலை கட்டினால் குளவி கூடு வைக்குமோ? வைத்தால் பார்த்துக்கொள்ளலாம். சுற்றிலும் செம்பருத்தி, அதுவும் அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஒற்றைதான் அடர்த்தியாக வரும். படிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் குழாய். குழாய் வெயிலில் காய்ந்தால் கை வைக்க முடியாது, அதனால்தான் வடக்கு, பார், எல்லாம் ஒன்றோடு ஒன்று வந்து பொருந்துகிறது! மருந்து எதுவும் போடக் கூடாது. வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் குளித்த தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியே தென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். தான் கிடந்த தண்ணீரை மரம் குடிக்கும் என்று நினைக்கையில் அவளுக்கு அடிவயிற்றில் ஒரு குறுகுறுப்பு. இந்த வயதில் இதென்ன என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் போய்விட்டது, குறுகுறுப்பு போகவில்லை.

ஆனால் பாதித் தொட்டி இன்னும் அவள் கையில் இல்லை. அதுதான் இடறிக்கொண்டே இருந்தது. கொழுந்தனார் மனைவி துளசிமணி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள், இரண்டு வீட்டுக்கும் ஒரே தோப்பு, ஒரே தொட்டி. துளசியின் பேரனும் பேத்தியும் ஒவ்வொரு சித்திரைக்கும் திருப்பூரிலிருந்து வருவார்கள். தொட்டியைச் சரிசெய்யலாம் என்று வஞ்சியம்மாள் பேச்செடுத்தபோது, அந்தக் குழந்தைகளைச் சொல்லித்தான் எடுத்தாள். "பாவம், புள்ளைக வெயில்ல வந்து வெந்து கெடக்குதுக" என்று. துளசி உடனே பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவள் விடவில்லை. "இத்தனை ஆழம் எதுக்குங்கக்கா? கல்லும் மண்ணும் போட்டு நிரவி, இடுப்பளவு வெச்சாப் போதும். குழந்தைக முங்கிப் போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?" சரியான பேச்சு. அதனால்தான் வஞ்சியம்மாள் நாலு நாள் யோசித்துக் குறுக்குச் சுவரைக் கண்டுபிடித்தாள். தொட்டியின் நடுவே ஒரு சுவர். தண்ணீருக்கு மேலேயும் ஒரு முழம் நிற்கிற சுவர், குழந்தைகள் ஏற முடியாது. கிழக்குப் பாதியை நிரவிக் குழந்தைகளுக்கு விட்டுவிடுவது. மேற்குப் பாதி ஆழமாகவே இருக்கட்டும். சுவரில் நாலு துளை, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், தரைதான் வேறு வேறு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இதை எடுத்துச் சொன்னாள். துளசி காதில் வாங்கிக்கொண்டு, அவியல் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பக்கம் ஆருக்குங்?" "பெரியவங்களுக்கு." "எந்தப் பெரியவங்களுக்கு? மாமாவுக்கா?" சாப்பிட்டுக்கொண்டிருந்த திருமூர்த்தி தலை தூக்காமலே, "என்னைய உட்டுருங்க சாமி, எனக்கு அண்டாத் தண்ணி போதும்" என்றார். கொழுந்தனாரோ தண்ணீரைக் கண்டால் தும்முகிறவர். "அப்புறம் ஆருக்கு? ஆளில்லாத பாதி எதுக்குங்கக்கா, கொசு வளக்கவா? முச்சூடும் நிரவிட்டா புள்ளைக ஓடி வெளையாடும்." எனக்கு என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். அதை அவள் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்றைக்கு ஆறுச்சாமி வருகிறார். அவர் இந்தப் பக்கத்தில் தொட்டி கட்டுவதில் பேர்போன கொத்தனார், ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. டேப் பிடித்து அளந்து தண்ணீருக்குத் தரை போட மாட்டார். குளிக்கிற ஆள் உள்ளே வந்து நிற்க வேண்டும். தண்ணீர் எங்கே நிற்குமோ அந்த மட்டத்தில் ஒரு நூலைக் குறுக்கே இழுத்துக் கட்டுவார். ஆளை உள்ளே நிறுத்திக் காலுக்குக் கீழே கல் அடுக்குவார், நூல் இடுப்பைத் தொட்டால் இடுப்பளவு, மாரைத் தொட்டால் மாரளவு. கல்லின் மேல்மட்டம்தான் தரை. "ரெண்டு பேருக்கு உசரம் ஒண்ணா இருக்கும், இடுப்பு ஒண்ணா இருக்காது. நம்பரு பொய் சொல்லும், ஒடம்பு சொல்லாது" என்பார். மாட்டுக்குத் தண்ணித்தொட்டி கட்டினால் மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அது கழுத்தை நீட்டுகிற வரை பீடி குடித்துக்கொண்டு காத்திருப்பாராம். காலையில் போனில் கூப்பிட்டு, "ஏனுங் பெரீம்மா, மத்தியானம் வர்றேனுங். குளிக்கற ஆளுகள இருக்கச் சொல்லீருங். ஆளில்லாத எடத்தை நான் நிரவிப் போட்டுருவேன், நாளைக்கே கல்லு மண்ணு லோடு வருது" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டாள். சரிங்க! எதற்குச் சரிங்க என்றோம்? நாளைக்கு லோடு வந்து கொட்டி, மேலே சிமெண்ட் போட்டுவிட்டால் அப்புறம் எந்தச் சித்திரைக்கும் அது முழங்கால் தண்ணீர்தான். குழந்தையின் இடுப்பு என்றால் அவளுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே. அதில் என்ன செய்வது? உட்கார்ந்து அரிசி களையலாம். குழந்தைகள் இப்போது இங்கே இல்லையே, யார் நிற்பது என்று ஒரு நிமிடம் அவளுக்கு நப்பாசை. துளசி அதற்கும் வழி பண்ணிவிட்டாள். மகளைப் போனில் அளக்கச் சொல்லி, பேத்தி உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டி, இடுப்பு வருகிற இடத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறாள். குச்சிக்குப் பாவாடை கட்டாததுதான் பாக்கி. இல்லாத குழந்தைக்குக்கூட ஒரு குச்சி இருக்கிறது. இங்கே ஐம்பத்தெட்டு வயதில் முழுசாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நான் நிற்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

வாய் இல்லாதவளா அவள்? கீரைக்காரனிடம் பேசிப் பாருங்கள், தெரியும். இது வேறு. இது நனைந்த புடவை ஒட்டிக்கொள்வதைப் பற்றிய பேச்சு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கீரை ஈர்க்குகள் குறைந்துகொண்டே வந்தன, அவள் வேண்டுமென்றே மெதுவாக உருவினாள். தாராபுரம் பக்கம் அவள் பிறந்த வீட்டில் பெரிய கிணறு. அண்ணன் தம்பிமார் நாலு பேர். அப்பா அவர்கள் முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, காய்ந்த சுரைக்காய் மிதக்குமே அதைக் கட்டி, இடுப்புக் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறக்கிவிடுவார். ஒரு கோடைக்குள் நாலும் மீனாகிவிட்டன. மேலேயிருந்து குதிப்பான்கள், தண்ணீர் எழும்பி வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறவள் மூஞ்சியில் அடிக்கும். அவள் வேலை சட்டைகளைப் பார்த்துக்கொள்வது. இன்னொரு வேலையும் உண்டு, தலை எண்ணுவது. குதித்ததும் எண்ண வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு வந்தால் மூச்சு விடலாம். தண்ணீருக்கு வெளியே இருந்துகொண்டு மூச்சை அடக்கியவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் மூன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினாள், மூன்று. பச்சைத் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்து, சுவரில் மோதி, திரும்பி வந்து அடங்கியது. அவள் கத்தவில்லை. கத்த வேண்டும் என்பதே தோன்றவில்லை. சட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சின்னவன் பம்ப் குழாய்க்குப் பின்னால் பொந்திலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான், விளையாட்டாம். அப்பா கயிற்றாலேயே வெளுத்தார். அவ்வளவுதான் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை, நாலு பேரும் இன்றைக்கும் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. ஆழமான தண்ணீரைப் பார்த்தால் வயிற்றில் ஒன்று குறைகிறது. அப்படியிருக்க ஆழமான பாதி எனக்கு எதற்கு? துளசி சொல்வது போல இடுப்பளவு, இல்லை, இடுப்பளவுகூட... இல்லை. அவன்கள் மீன் ஆனபோது அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பயமும் ஆசையும் ஒரே கிணற்றில்தான் கிடந்தன, ஒன்றை விட்டு ஒன்றை இறைக்க முடியவில்லை. "எனக்கும் ஒரு புருடை கட்டுங்கய்யா" என்று ஒருதரம் கேட்டாள். அப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நீ நீச்சப் பழகி எந்தக் கெணத்துல குதிக்கப் போறே கண்ணு?" என்றார். அந்தக் கேள்விக்கு அவளிடம் அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது. இந்தக் கிணற்றில், அய்யா, இந்த மேற்குப் பாதியில்.

அதுவும் சும்மா ஆசைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆடியிலிருந்து பழகுகிறாள். போன் வீடியோவில் ஒரு பெண்மணி, தன்னைவிட மூத்தவளாகவே இருப்பாள், தண்ணீர்ப் பயம் போக முதலில் மூஞ்சியை நனைக்கச் சொன்னாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வஞ்சியம்மாள் மூஞ்சியை உள்ளே விட்டாள். முதல்நாள் ஏழு எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டாள், மூக்கெல்லாம் எரிச்சல். வெளியே வந்து கண்ணாடியில் பார்த்தால், திருடிவிட்டு வந்தவள் மாதிரி ஒரு முழி. இப்போது முப்பது எண்ணுகிறாள், கண்ணைத் திறந்துகொண்டே. அண்டாவின் அடியில் ஈயம் பூசிய தழும்பு ஒன்று தண்ணீருக்குள் நிலா மாதிரி ஆடுவதை இந்த வீட்டில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்றே, சத்தத்தையே காணோம்?" என்றார். "தலைக்கு ஊத்தறேன்" என்றாள் சொட்டச் சொட்ட. என்ன உடுத்துவது என்பதையும் தீர்த்தாயிற்று, சுடிதார் கால்சட்டையும் மேலே முழங்கால் வரை வருகிற கறுப்புச் சட்டையும். உடுமலைத் தையற்காரி, "ஆருக்குங்கம்மா?" என்றாள். "அக்கா பொண்ணுக்கு." அவளுக்கு அக்காவே கிடையாது. ஒரு பொய்க்கு ஒரு குடும்பத்தையே உண்டாக்கியாயிற்று. மிதப்பதுதான் முக்கியம், நீந்துவதெல்லாம் அப்புறம். மிதக்க வேண்டுமென்றால் கால் தரையை விட வேண்டும். இடுப்பளவில் விடாது, ஊன்றிக்கொள்ளலாம் என்று உடம்புக்குத் தெரிந்துபோகும். மாரளவு. மாரளவு போதும். ஆறுச்சாமியிடம் எப்படிச் சொல்வது? "அந்தப் பக்கம் எனக்குங்க" என்று சாதாரணமாக, உப்புக் கேட்கிற மாதிரி. அல்லது, டாக்டர் சொன்னார், முட்டிக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாரென்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் எந்த டாக்டர் என்பாள் துளசி, அவளும் முட்டிக்கு அவரிடம்தான் போகிறாள். அல்லது, தேங்காய் போடுகிறவர்கள் குளிக்க. அல்லது வீட்டுக்காரரையே கெஞ்சி நிற்கவைத்தால்? அவர் மார் இவளுக்கு மூக்கு. அவர் அளவில் தரை போட்டால் இவள் இறங்கவே முடியாது. எந்த வழியில் போனாலும் கடைசியில் அந்த ஒரு சொல்தான் உட்கார்ந்திருந்தது, பாதையில் படுத்த எருமை மாதிரி. எனக்கு. எனக்கு. சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. முறத்தில் ஈர்க்கு தீர்ந்து, வெறும் கீரை மட்டும் குவிந்திருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது. ஆறுச்சாமி மொபெட்டை மோட்டார் ரூம் ஓரம் நிறுத்தி, ஏணியையும் கல்லையும் தொட்டிக்குள் இறக்க ஆரம்பித்தார். திருமூர்த்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து விளிம்பில் குந்தினார். துளசி குச்சியோடு வந்துவிட்டாள். அதை அவள் பிடித்திருந்த பிடியில், குழந்தையின் கையைப் பிடித்துக் கூட்டிவருவது போலவே இருந்தது. ஆறுச்சாமி நூலைத் தொட்டியின் நீளத்துக்கு இழுத்துக் கட்டினார். கிழக்குப் பாதியில் கல் அடுக்கி, குச்சியை நிறுத்தி, சிவப்புத் துணி நூலைத் தொடும்வரை ஏற்றி இறக்கினார். "கோணலா நிக்குது பாருங்க, நேரா நிறுத்துங்க, எங்க பாப்பா அப்படிக் கூனிக்கிட்டு நிக்காது" என்று மேலேயிருந்து துளசி அதிகாரம் பண்ணினாள். வஞ்சியம்மாள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். எல்லாம் வெகு சீக்கிரம் நடப்பது போலிருந்தது. செங்கல் துண்டால் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. குழந்தைகள் பாதி முடிந்தது, குச்சி துளசி கைக்குத் திரும்பியது.

"இந்தப் பக்கம் முடிஞ்சுதுங். அந்தப் பக்கம் ஆரு நிக்கறீங்க?" என்றார் ஆறுச்சாமி.

"அங்க ஆரு நிக்கறது? நிரவிப் போடுங்க. எங்க மாமாவுக்கு அண்டாத் தண்ணியே சளி புடிக்குது" என்றாள் துளசி.

"என்னை எதுக்கம்மிணி இழுக்கறே" என்றார் திருமூர்த்தி.

"சரிங், அப்ப முச்சூடும் ஒரே மட்டம்" என்று சொல்லி, ஆறுச்சாமி மேற்குப் பக்கத்து ஆணியிலிருந்து நூலை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார்.

இத்தனை நேரம் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. டாக்டரும் வரவில்லை, தேங்காய் போடுகிறவர்களும் வரவில்லை. நூல் அவிழப்போகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் வாயிலிருந்து வந்தது, "ஏணிய இந்தப் பக்கம் போடுங்க" என்பதுதான்.

"எதுக்குங் பெரீம்மா?"

"நான் நிக்கோணும்."

துளசி ஒரு கணம் விழித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. "அக்கா! நீங்களா? என்னத்துக்கு?"

"நீச்சப் பழக."

"இந்த வயசுலயா? தவளையோட போட்டிக்கா?"

"தவளைக்கு மட்டும் ஆரு வந்து சொல்லிக் குடுத்தா? அது எறங்கித்தானே பழகுச்சு." சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காது கொதித்தது. முறத்தைத் துளசி கையில் கொடுத்தாள். துளசியும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

திருமூர்த்தி எழுந்து ஏணியைப் பிடித்தார். "மெல்ல, ரெண்டாவது படி ஆடுது" என்று மட்டும் சொன்னார்.

ஆறுச்சாமிக்கு இதில் வியப்பே இல்லை. மாடு வந்தாலும் மனுஷி வந்தாலும் அவருக்கு ஆள் வந்தால் சரி. நாலு கல் உயரத்துக்கு மேடை மாதிரி அடுக்கி, கை கொடுத்து ஏற்றினார். நூல் வந்து அவள் இடுப்பில் பட்டது. சுற்றிலும் சுவர் எழும்பி நின்றது, பாசி வாசனை, மேலே இரண்டு முகம். ஒரு நிமிடத்துக்கு அந்தப் பழைய குறைவு வயிற்றில் எட்டிப் பார்த்தது. அவள் அதைப் போகச் சொல்லவில்லை, இரு என்றாள்.

"இடுப்பளவு. போதுமுங்களா?"

"போதும் போதும்" என்றாள் துளசி மேலேயிருந்து.

வஞ்சியம்மாள் குனிந்து நூலைப் பார்த்தாள். அரைஞாண் மாதிரி இருந்தது. இதற்குள் நிற்கலாம், நடக்கலாம், துணி அலசலாம். கால் எங்கேயும் போகாது. "ஒரு கல்ல எடுங்க."

இறங்கி, அவர் எடுத்ததும் மறுபடி ஏறினாள். நூல் மாரைத் தொட்டது. இதுதான் அவள் ஆடியிலிருந்து நினைத்து வைத்திருந்த அளவு. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் குதிகால் இரண்டும் கல்லில் நன்றாக ஊன்றி நின்றன, விட மாட்டேன் என்று. அவளுக்கு அவற்றின் மேல் கோபம் வந்தது.

"இன்னொண்ணு எடுங்க."

"அக்கா, வேண்டாங்க." துளசியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "எனக்குப் பாக்கவே பயமா இருக்குது."

"எனக்கும்தான்" என்றாள் வஞ்சியம்மாள். "எடுங்க ஆறுச்சாமி."

காலடியில் இப்போது இரண்டே கல். நூல் தொண்டைக்குழிக்கு மேலே, கழுத்தை ஒட்டி நின்றது. எச்சில் விழுங்கினால் நூல் அசைந்தது. குதிகால் மெல்லத் தானாகவே கல்லை விட்டு எழும்பிவிட்டது.

"இதுக்கு மேல எடுத்தா மூக்குங்" என்றார் ஆறுச்சாமி.

"இதுதான். கோடு போடுங்க."

கல்லின் மேல்மட்டத்துக்கு நேராகச் செங்கல் துண்டால் அவர் சுவரில் கீறினார். வடக்குச் சுவரில் படி வருகிற இடத்தையும் அவளே காட்டினாள், அங்கேயும் ஒரு கீறல். முடிந்ததும் ஏணியை நகர்த்திக் கை நீட்டினார். மேலேயிருந்து திருமூர்த்தி, "வா, காபி போட்டுக் குடு, அவருக்கும் நேரமாவுதல்ல" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். நூல் மட்டத்துக்கு இரண்டு கைகளையும் தூக்கி, மெதுவாக அகல விரித்தாள். எந்தப் பக்கமும் எதுவும் இடிக்கவில்லை.